கண்டக்டர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பிலிம் ரோல்

பிலிம் கேமராக்காரர்களான நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். தெருவில் படம் எடுக்கும்போது யாராவது வந்து சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. இதைப் பற்றி உங்கள் எல்லோரையும்விட நான் அதிகம் பயந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கலர் லேபில் அடுத்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களைப் பிரிண்டு போட்டே ஓய்வு பெற்றவன் நான். கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினதே அதற்குப் பிறகுதான். இறங்கின நாள் முதல் பயம். ரோல் சரியாகச் சுற்றுகிறதா, லென்ஸ் மூடியைக் கழற்றினேனா, வீட்டில் கேஸை அணைத்தேனா, இந்த ஆள் ஏன் என்னைப் பார்க்கிறான். என் பையில் லென்ஸ் ஒன்றுதான் இருக்கும். அதோடு குடை, வயிற்றுப்போக்குக்குப் பொடி, ஆதார் நகல், மயக்கம் வந்தால் வாயில் போட ஒரு துண்டுக் கருப்பட்டி.

அதனால் சட்டம் என்ன சொல்கிறது, கேமராவைக் கைக்குள் எப்படி மறைக்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது நடந்த ஒரு கதை. அந்த மனிதரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும். பேரு மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே அவர் கண்டக்டர். திருச்செந்தூர்ப் பக்கம் ஓடுகிற பஸ் ஒன்றில் வேலை. அந்த வழியில் அவரைத் தெரியாதவர்கள் நடந்தே போகிறவர்கள் மட்டும்தான்.

தை மாதம். விடியும் முன்பே பாபநாசம் போய், படித்துறையில் கொஞ்சம் படம் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் காயவைக்கிறார்கள், அதற்குக் கீழே ஒரு குரங்கு ஓடுகிறது. அது பிலிமில் சரியாக விழுந்திருந்தால் ஜென்மம் சாபல்யம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். விழுந்திருக்காது என்றும் நினைத்தேன். இரண்டையும் மாறி மாறி நினைத்ததில் வண்ணார்பேட்டை வந்துவிட்டது.

இறங்கினதும் எதிர்ச் சாரியில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அவர்தான் நம் கண்டக்டர். பக்கத்தில் கொஞ்சம் இளைய ஒரு அம்மாள், காலடியில் கருப்பட்டி நிறைத்த ஓலைக் கொட்டான்கள். அந்த அம்மாள் அவித்த பனங்கிழங்கை உரித்து உரித்துக் கொடுக்க, இவர் தின்றுகொண்டிருந்தார். திடீரென்று நார் பல்லில் மாட்டிக்கொண்டது போல. விரலை விட்டு இழுக்கிறார், வரவில்லை. அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். அவர் வாயில் விரலோடேயே சிரித்தார் பாருங்கள், மூன்று பஸ் ஹாரன் அடித்தும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பயப்பட ஆரம்பித்தேன்.

காரணம் இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு அணைந்தது. வாகனங்களுக்கு நடுவே நேராக என்னிடம் வந்தார்.

"ஓய், என்னத்தவே எடுத்தீரு?"

"தெரு, அண்ணாச்சி. சும்மா தெரு."

"தெருவா? எம்மூஞ்சி ஒமக்குத் தெருவா? டெலிட் பண்ணும்."

"பண்ண முடியாது அண்ணாச்சி."

"பண்ண மாட்டீரா?"

"மாட்டேன்னு சொல்லல. முடியாதுன்னுதான் சொல்லுதேன். இது பிலிம் கேமரா."

என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். நம் பழைய கேமராக்களின் முதுகில் ஒரு சின்னச் சட்டம் இருக்கும். உள்ளே என்ன ரோல் என்று மறக்காமலிருக்க, பிலிம் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் செருகி வைப்போம். அதைக் கட்டை விரலால் அழுத்தினார். தேய்த்தார்.

"ஸ்கிரீன ஆஃப் பண்ணி வச்சிருக்கீரோ?"

"அது அட்டை, அண்ணாச்சி."

அட்டைதான் என்று தெரிந்ததும் அவர் முகம் இன்னும் மோசமானது. அவர் வயசு ஆட்களுக்குப் பிலிம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். "அப்போ தொறந்து உருவும். வெயில்ல காட்டும்" என்றார்.

இப்படி ஒரு நேரத்தில் நம் ஆட்கள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார்கள். உரிமை பேசுவார்கள், இல்லாவிட்டால் ஓடுவார்கள். எனக்கு உரிமை பேச வராது, ஓடினால் மூச்சு வாங்கும். நான் சுற்றிலும் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் செல்போனை மேலே தூக்கிவிட்டான்.

"அண்ணாச்சி, பைய பேசும்" என்றேன். "நான் எடுத்தது ஒரே ஒரு படம். அது இருட்டுக்குள்ள கெடக்கு, எனக்கே தெரியாது. அங்கன ஒருத்தன் எடுக்கான் பாரும், அது சாயங்காலத்துக்குள்ள உம்ம சொந்தக்காரங்க எல்லாருக்கும் போயிரும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி என் தோளில் கையைப் போட்டு, நாங்கள் பால்ய சிநேகிதர்கள் மாதிரி பக்கத்து டீக்கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாளும் கொட்டான்களைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தாள். பார்க்கப்போனால் மூவரில் பதறாமல் இருந்தது அவள் மட்டும்தான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் விஷயம் வெளியே வந்தது. மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை. இந்த அம்மாள் உடன்குடியிலிருந்து வாராவாரம் கருப்பட்டி கொண்டுவந்து இங்கே கடைகளுக்குப் போடுகிறவள். இவர் பஸ்ஸில்தான் வருவாள். அவளுக்கும் வீட்டில் யாருமில்லை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"சொல்லுதேன் சொல்லுதேன்னு சொல்லிட்டே இருக்காவ" என்றாள் அந்த அம்மாள். "எடுத்தா எடுத்துட்டுப் போறாவ. நாம என்ன களவாண்டா தின்னோம்?"

"ஒனக்கென்ன. அவ எம்மவ" என்றார் கண்டக்டர். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "அவ அம்மா போன பெறகு நாந்தான் அவளுக்குத் தல பின்னி விட்டேன், அண்ணாச்சி. இது எவன் வாயிலயாவது கேட்டு, எவன் போன்லயாவது பாத்து அவளுக்குத் தெரிஞ்சா அவ மனசு விட்டுப் போயிரும். என் வாயால சொல்லணும். அதுக்குத்தான் பாக்கேன்."

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது பயப்பட்டால் அவரோடு சேர்ந்து நானும் பயப்படுவேன். "ஆமா அண்ணாச்சி" என்றேன். "நான் பிலிமக் கழுவி, எங்க ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல காட்டி, அதுல ஒரு பிள்ள உம்ம மகளுக்குக் கூடப் படிச்சவளா இருந்தா?" அவருக்கு அந்த யோசனை அதுவரை வரவில்லை. டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ரோலை உருவலாம். குரங்கு போகும், வேட்டி போகும், பரவாயில்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் போய்விடுமே. வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்யலாம். என்னை முன்பின் தெரியாத மனிதர் அதை நம்பி எப்படித் தூங்குவார்? அவர் தூங்காவிட்டால், அதை நினைத்து நானும் தூங்க மாட்டேன்.

குமிழைச் சுற்றி, முனை மட்டும் வெளியே நிற்கிற மாதிரி ரோலைச் சுருட்டினேன். மூடியைத் திறந்து எடுத்து, கறுப்பு டப்பாவில் போட்டு அவர் கையில் வைத்தேன்.

"நீரே வச்சிக்கிடும். மககிட்ட சொன்ன பெறகு கொண்டாரும், கழுவித் தாரேன். சொல்ல முடியலன்னா தாமிரபரணியில போட்டுரும். எனக்குத் தெரிய வேண்டாம்."

அவர் டப்பாவையும் என்னையும் பார்த்தார். கேட்ட டிக்கெட்டுக்குப் பதில் பஸ்ஸையே கொடுத்துவிட்ட மாதிரி ஒரு முழி.

தம்பி தங்கைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கழுவுகிற வரைக்கும் படம் நம்முடையது இல்லை. எடுக்கப்பட்டவருடையதும் இல்லை. அந்த இடைவெளி டிஜிட்டல் கேமராக்காரர்களுக்குக் கிடையாது, நமக்குத்தான் உண்டு. அதைச் சண்டைக்கு நடுவே ஒரு முக்காலி மாதிரி போட்டு உட்காரலாம்.

அதோடு விட்டிருந்தால் நான் பெரிய மனிதன். விடவில்லை. "சட்டைப் பையில வைக்காதீரும், சூட்டுல கெட்டுப் போகும். ஃப்ரிட்ஜில வையும். மாவுச் சட்டிப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லி, தொலைந்துவிடக் கூடாதே என்று டப்பாவைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டி அதில் என் பெயரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். என் ஜாக்கிரதைதான் என்னை மாட்டிவைக்கும், எப்போதும்.

முதலில் சில நாள் கண்டக்டர் போன் செய்தார். "அண்ணாச்சி, காய்கறித் தட்டுல வச்சிருக்கேன், குளுரு போதுமா?" "அண்ணாச்சி, கரண்டு போயிட்டு, என்ன செய்ய?" மகளிடம் சொல்லிவிட்டாரா என்று நான் கேட்பதும், "இன்னைக்குச் சொல்லிருதேன்" என்று அவர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பிறகு போன் நின்றுபோனது. ஆற்றில் போட்டுவிட்டார் என்று ஒரு நாள் வருத்தப்பட்டேன். ஆற்றில் இறங்கும்போது வழுக்கி விழுந்திருப்பாரோ என்று மறுநாள் வருத்தப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கி வந்த பெண் கையில் என் கறுப்பு டப்பா.

"இதுல எழுதியிருக்க பேரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"எங்கப்பாவுக்கு என்ன மருந்து குடுத்திய?"

"மருந்தா?" என்றேன். அவள் விடவில்லை. "நான் மருந்துக் கடையில நிக்கேன். ஃப்ரிட்ஜில வைக்கிற மருந்து எதெதுன்னு எனக்குத் தெரியும். எல்லாம் பெரிய வியாதிக்கு உள்ளது. அவரு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஃப்ரிட்ஜத் தொறந்து பாக்காரு. கேட்டா, ஒண்ணுமில்லங்காரு. தொறந்து பாத்தா உள்ள தகரத்துல உருண்டையா தாயத்து கணக்கா ஒண்ணு. நீங்க வைத்தியரா, மந்திரவாதியா? அத மொதல்ல சொல்லுங்க."

இதற்குள் என் மனைவி வெளியே வந்துவிட்டாள். "மந்திரவாதியா? இவியளா? பால் காய்ச்சினா அடுப்ப அணைச்சிட்டமான்னு ரெண்டு தடவ போய்ப் பாக்கிற ஆளும்மா" என்று என் மானத்தைக் காப்பாற்றினாள்.

அந்தப் பெண் டப்பாவைத் திறந்து ரோலை எடுத்தாள். நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிலிம் முனையைப் பிடித்தாள். "சொல்லலன்னா இத உருவிப் பாத்துருவேன்."

"உருவாதம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "அது பிலிமு. படம் எடுத்தது. வெளிச்சம் பட்டா போயிரும். உங்கப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்ல, நல்லாருக்காவ."

"என்ன படம்?"

இங்கேதான் நின்றேன். சொல்லிவிட்டால், யாரோ ஒருவன் வாயால் அவள் கேட்கக் கூடாது என்று அவர் பயந்தாரே, அந்த யாரோ ஒருவன் நானாகிவிடுவேன். பொய் சொன்னால் அவள் வியாதி என்றே நினைத்து அழுதுகொண்டு போவாள். ஏற்கெனவே கண் கலங்கித்தான் நின்றாள்.

"உங்கப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று அவள் எதிரிலேயே கண்டக்டருக்கு போன் போட்டேன். ஓடுகிற பஸ்ஸில் இருந்தார்.

"அண்ணாச்சி, உம்ம மக எங்க வீட்டுல நிக்கா. கையில ரோல வச்சிருக்கா. ஒமக்கு என்னமோ வியாதின்னு நெனைச்சுட்டா."

"ஆழ்வார்திருநகரியெல்லாம் எறங்கு, எறங்கு... ஏ அம்மா, கூடைய எடு... அண்ணாச்சி, என்ன சொன்னீரு?"

மறுபடி சொன்னேன். "அழுதாளா?" என்றார்.

"அழப் போறா."

"ஐயோ" என்றார். "அண்ணாச்சி, நெதம் சொல்லணும்னு வாயத் தொறக்கேன். சோறு போடுன்னுதான் வருது. நீரே சொல்லிரும்."

"நான் சொல்ல மாட்டேன். அது ஒம்ம சமாச்சாரம்."

"அப்போ கழுவிக் காட்டும். அவ பாக்கட்டும். பாத்துட்டு எனக்கு போன் போடச் சொல்லும். மீதிய நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

கழுவிக் காட்டும்! எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். நான் ஆயிரக்கணக்கில் கழுவியிருப்பேன், அன்று மாதிரி பயந்ததில்லை. பிலிம் சுற்றவே இல்லாமல் இருந்திருந்தால்? ஃப்ரிட்ஜ் ஈரம் உள்ளே இறங்கியிருந்தால்? வெறும் ரோலைக் காட்டி, இதுதான் உங்கப்பா ரகசியம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவா? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே என் மனைவி அவளுக்கு முறுக்கு கொடுத்து, ஊர், குலம், சம்பளம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

படங்கள் விழுந்திருந்தன. குரங்கைத் தேடக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைசிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது யாரு, பேயா? பல்லெல்லாம் கறுப்பா இருக்கு. முடி வெள்ளையா இருக்கு."

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். உன் போன்ல எடுத்து நிறத்த மாத்திப் பாரு."

எப்படி மாற்றுவது என்று அவளுக்குத்தான் தெரிந்தது. தட்டினாள். இழுத்தாள். விரல் நின்றுவிட்டது.

இரண்டு விரலால் பெரிதாக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறகு நகர்த்தி அந்த அம்மாளைப் பார்த்தாள். படத்தில் அந்த அம்மாள் கேமராப் பக்கமே திரும்பவில்லை. ஒரு கையில் பாதி உரித்த கிழங்கு. மற்றக் கையை, "கொஞ்சம் இரும், நான் எடுத்து விடுதேன்" என்பது போல அவர் வாய்ப் பக்கம் நீட்டியிருந்தாள்.

"எங்கப்பாவா இது?" என்றாள். "வீட்டுல சிரிச்சா சில்லறை குடுக்க மாதிரி எண்ணித்தான் சிரிப்பாவ. இந்தக் கடைவாய்ப் பல்லெல்லாம் நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

மறுபடி படத்தை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"இவிய யாரு?"

"அத உங்கப்பாட்டதாம்மா கேக்கணும்."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஃப்ரிட்ஜுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அது கோபமா, அழுகையா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள், அங்கிருந்து நேரே ஹாஸ்டல் தேடிப் போய்விடுவாள் என்று என் மனம் கதை கட்ட ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்பாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பாத்துட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம். யாரோ சில்லறை கேட்கிறார்கள்.

"எந்த ஊரு?"

"உடன்குடி" என்றது ஒரு சின்னக் குரல். அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "ஏ மக்கா, நான் ஒங்கிட்ட சொல்லணும்னுதான்..."

"அத வீட்டுல வந்து சொல்லுங்க. முழுசாச் சொல்லணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம அவியள வீட்டுக்கு வரச் சொல்லுங்க. மீன் தின்பாவளா, சைவமா? அதக் கேட்டுச் சொல்லுங்க. நான் சந்தைக்குப் போவணும்."

நாங்கள் மூன்று பேரும் அவள் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று காதைக் கிழிக்கிற மாதிரி இரண்டு விசில் கேட்டது, போகலாம் என்று சொல்கிற விசில். ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸுக்கு எதற்கு அந்த விசில் என்று டிரைவர் உரக்க வைதது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.